'புலம்பெயர் தாய்': 42 ஆண்டுகள் பெயர் தெரியாமல் இருந்த புளோரன்ஸின் கதை!

நெற்றியில் கவலைக் கோடுகள். கன்னத்தைத் தொட்டபடி ஒரு கை. இரண்டு தோள்களிலும் சாய்ந்து, கேமராவுக்கு முகம் காட்டாமல் திரும்பி நிற்கும் இரண்டு சிறுமிகள். மடியில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். 1936-ம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள நிபோமோ என்ற ஊரில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் டோரதியா லாங் என்ற பெண் புகைப்படக் கலைஞர். 'மைக்ரண்ட் மதர்', அதாவது 'புலம்பெயர் தாய்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த படம் இது. பாடப்புத்தகங்களில் வந்தது. அருங்காட்சியகங்களில் மாட்டப்பட்டது. 1998-ல் அமெரிக்க அரசு தபால்தலையாகவும் வெளியிட்டது.

படம் புகழ்பெற்றுக்கொண்டே இருந்தது. ஆனால், படத்தில் இருப்பவர் யார் என்பது 42 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். பார்க்கிறவர்கள் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்தப் பெண், வீடு இல்லை, நிரந்தர வேலை இல்லை என்ற நிலையிலும் ஒரு பெரிய குடும்பத்தைச் சிதறவிடாமல் காப்பாற்றியவர்.

துரத்தப்பட்ட மக்களின் மகள்

புளோரன்ஸ் 1903 செப்டம்பர் 1 அன்று பிறந்தார். இன்றைக்கு ஓக்லஹோமா மாநிலமாக இருக்கும் அந்த நிலப்பகுதி, அன்று 'இந்தியன் டெரிட்டரி' என்று அழைக்கப்பட்டது. அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட பகுதி அது.

புளோரன்ஸின் பெற்றோர் செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர்கள். இந்த மக்களின் சொந்த மண் அமெரிக்காவின் தென்கிழக்கில் இருந்தது. 1830-களின் இறுதியில் அரசு அவர்களை அங்கிருந்து பலவந்தமாக மேற்கே துரத்தியது. குளிரிலும் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. ஊரைவிட்டு ஊர் போவது என்பது புளோரன்ஸ் பிறப்பதற்கு முன்பே அவர் இனத்தின் தலையில் எழுதப்பட்டுவிட்டது.

புளோரன்ஸ் பிறப்பதற்கு முன்பே அப்பா குடும்பத்தைவிட்டுப் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். 1921-ல், 17 வயதில், விவசாயி மகனான கிளியோ ஓவன்ஸுடன் புளோரன்ஸுக்குத் திருமணம் ஆனது. அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறந்தார்கள். பிழைப்பைத் தேடி ஓவன்ஸ் குடும்பத்தாரோடு சேர்ந்து மேற்கே கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே மர அறுவை மில்களிலும் பண்ணைகளிலும் வேலை கிடைத்தது. வசதியான வாழ்க்கை என்று சொல்ல முடியாது. ஆனால், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வழி இருந்தது.

கணவர் போனார்... வயிற்றில் ஆறாவது குழந்தை

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. வங்கிகள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் பூட்டப்பட்டன. 'மகா பொருளாதார மந்தம்' என்று சொல்லப்படும் அந்தக் காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

நாடே தவித்துக்கொண்டிருந்த 1931-ல், கிளியோ காசநோயால் இறந்துபோனார். அப்போது புளோரன்ஸுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. கையில் ஐந்து பிள்ளைகள். வயிற்றில் ஆறாவது.

அழுதுகொண்டு உட்கார அவருக்கு நேரம் இல்லை. பகலில் வயல் வேலை, இரவில் உணவகத்தில் வேலை என்று கிடைத்ததை எல்லாம் செய்தார். 1933-ல் ஏழாவது குழந்தை பிறந்தது. கொஞ்ச காலம் ஓக்லஹோமாவுக்குத் திரும்பிப்போனார். பிறகு தன் பெற்றோரோடு மறுபடியும் கலிபோர்னியாவின் ஷாஃப்டர் பகுதிக்கு வந்தார். அங்கே ஜிம் ஹில் என்பவரோடு வாழ்க்கையில் இணைந்தார். அவர் மூலமாக மேலும் மூன்று குழந்தைகள்.

பயிர் போகும் வழியே பயணம்

அன்றைய கலிபோர்னியாவில் அறுவடைக் கூலிகளுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. எந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பயிர் முற்றுகிறதோ அங்கே போக வேண்டும். பருத்தி எடுப்பு முடிந்தால் பட்டாணி பறிப்பு. அது முடிந்தால் லெட்யூஸ் கீரை. மூட்டை முடிச்சு, சட்டி பானை, பிள்ளைகள் எல்லாம் ஒரே பழைய காரில். கார் நிற்கும் இடத்தில் கூடாரம். அதுதான் வீடு.

அதே காலத்தில்தான் நடு அமெரிக்காவில் மழை பொய்த்து, புழுதிப் புயல் நிலங்களை விழுங்கியது. அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பலர் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது கூலி எப்படி ஏறும்? 'ஓக்கி' என்று ஏளனமாக அழைக்கப்பட்ட இந்த மக்களுக்குச் சட்டமும் துணை நிற்கவில்லை. 1935-ல் அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1938-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. இந்த மூன்றிலுமே பண்ணைக் கூலிகள் சேர்க்கப்படவில்லை.

இப்படிப்பட்ட சூழலில் புளோரன்ஸ் எப்படி உழைத்தார் என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விடியும் முன்பே பருத்திக் காட்டில் இறங்கினால், இருட்டி கண் தெரியாமல் போகும்வரை வேலை. ஒரு நாளைக்கு 450 முதல் 500 பவுண்டு வரை பருத்தி எடுப்பாராம். நம் கணக்கில் 200 கிலோவுக்கு மேல். அப்போது அவருடைய எடை 100 பவுண்டுகூட இல்லை. அதாவது, 45 கிலோவுக்கும் குறைவு. தன்னைப்போல நான்கு மடங்கு எடையைத் தினமும் கைகளால் பறித்து எடுத்த பெண் அவர்.

ஓர் உணவகத்தில் 50 சென்ட் நாள் கூலிக்கு வேலை பார்த்த காலமும் உண்டு. கூலியோடு, மிச்சமான சாப்பாட்டையும் கொடுப்பார்கள். சில நாள்களில் அதை இரண்டு வாளிகளில் நிரப்பி, பிள்ளைகளுக்காகச் சுமந்துகொண்டு நடப்பார்.

ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் 1939-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. வேலை தேடி கலிபோர்னியா வரும் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காப்பவர் ஓர் அம்மாதான். பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரின் பாலத்துக்கு அடியில் தங்கியிருந்த ஏழைகளைப் பற்றி ஸ்டைன்பெக் எழுதியதைக் குறிப்பிட்டு, தாங்களும் ஒரு காலத்தில் அதே பாலத்தின் அடியில் இருந்தவர்கள்தான் என்று புளோரன்ஸ் பின்னாளில் சொன்னார். அப்போது அவர்களிடம் கூடாரம்கூட இல்லை. கிழிந்த போர்வை மட்டும்தான்.

நின்றுபோன கார்

1936 மார்ச். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பீட்ரூட் அறுவடை முடிந்திருந்தது. அடுத்து வாட்சன்வில் பக்கம் லெட்யூஸ் வயல்களில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குடும்பம் வடக்கு நோக்கிக் கிளம்பியது. வழியில் காரின் டைமிங் செயின் அறுந்தது. வண்டி உருண்டு வந்து நின்ற இடம், நிபோமோவில் இருந்த பட்டாணி பறிப்பவர்களின் முகாம்.

அங்கே அவர்கள் கண்ட காட்சி அதிர்ச்சியாக இருந்தது. 2,500 பேருக்கு மேல் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஆனால், உறைபனியும் மழையும் சேர்ந்து பட்டாணிப் பயிரை அழித்துவிட்டன. பறிக்கப் பயிர் இல்லை. பயிர் இல்லாததால் கூலி இல்லை. கூலி இல்லாததால் அங்கிருந்து கிளம்பக் காசும் இல்லை.

புளோரன்ஸ் அடுப்பு மூட்டித் தன் பிள்ளைகளுக்குச் சமைத்தபோது, முகாமில் இருந்த மற்றக் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்களாம். "எனக்கும் ஒரு வாய் கிடைக்குமா?" என்று கேட்டார்களாம். தன் பிள்ளைகளுக்கே போதாத சாப்பாட்டின் முன்னால் நின்ற அந்தக் குழந்தைகளின் குரலை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

காரைச் சரிபார்ப்பதற்காக ஜிம் ஹில்லும் மகன்களும் ஊருக்குள் போனார்கள். புளோரன்ஸ் சாலையோரமாக ஒரு கூடாரம் போட்டு, பெண் குழந்தைகளோடு காத்திருந்தார். அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது.

பத்து நிமிடம்

காரில் வந்தவர் டோரதியா லாங். அவருக்கு அப்போது 40 வயது. ஏழு வயதில் வந்த போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டு, விந்தி விந்தி நடப்பவர். விவசாயிகளின் நிலையைப் படமெடுப்பதற்காக அரசின் மறுகுடியமர்வுத் துறை அவரை வேலைக்கு அமர்த்தியிருந்தது. ஒரு மாத வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் முகாமின் பெயர்ப் பலகையைப் பார்த்தார். நிற்காமல் கடந்து போனார். மனம் கேட்கவில்லை. சுமார் 20 மைல் போன பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

சுமார் பத்து நிமிடத்தில் சில படங்களை எடுத்தார். வயது கேட்டார். 32 என்று பதில் வந்தது. பெயரைக் கேட்கவில்லை. வயலில் உறைந்து கிடந்த காய்களையும், பிள்ளைகள் பிடித்த பறவைகளையும் தின்று உயிர்வாழ்வதாக அந்தத் தாய் சொன்னதாக லாங் பிறகு எழுதினார். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை அவர்கள் விற்றுவிட்டதாகவும் குறித்துவைத்தார்.

டயர் கதையைப் புளோரன்ஸின் குடும்பம் மறுத்தது. டயர்களை விற்றிருந்தால் அங்கிருந்து கிளம்பியிருக்கவே முடியாதே என்பது அவர்களின் கேள்வி. லாங் பொய் சொன்னதாக நினைக்கவில்லை, வேறு ஒரு குடும்பத்தின் கதையை இதோடு கலந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன் என்று மகன் ஒருவர் பின்னாளில் பெருந்தன்மையாகச் சொன்னார்.

உணவு வந்தபோது அவர்கள் இல்லை

லாங் எடுத்த படங்கள் உடனே 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழில் வெளியாயின. பட்டினி முகாம் பற்றிய செய்தி பரவியது. சில நாள்களிலேயே அரசு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9,000 கிலோ உணவுப் பொருள்களை நிபோமோவுக்கு அனுப்பியது. ஒரு புகைப்படம் ஆயிரக்கணக்கானோரின் பசியைத் தீர்த்தது.

ஆனால், அந்த உணவில் ஒரு பிடிகூடப் புளோரன்ஸின் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அது வந்து சேர்வதற்கு முன்பே காரைச் சரிசெய்துகொண்டு அவர்கள் வாட்சன்வில் பக்கம் போய்விட்டார்கள்.

அங்கேதான் மகன் அந்த நாளிதழைப் பார்த்தான். முதல் பார்வையிலேயே பதறிப்போனான். காரணம், அச்சு மை சிந்தியதில் அம்மாவின் நெற்றியில் ஒரு கறுப்புப் புள்ளி. அம்மாவை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஓடினான். அங்கே அம்மா எப்போதும்போல வேலையில் இருந்தார்!

பிள்ளைகள் பார்த்த அம்மா

அந்தப் படத்தில் அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் சிறுமிகளில் ஒருவர், 2008-ல் தன் அம்மாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். குடும்பத்தின் முதுகெலும்பே அம்மாதான் என்றார். எப்போதும் அதிகமாக எதுவும் இருந்ததில்லை. ஆனால், ஏதாவது ஒன்று இருக்கும்படி அம்மா பார்த்துக்கொண்டார். சில நாள்களில் அம்மா சாப்பிட மாட்டார். பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்ததில்லை.

பள்ளிக்கூடம் இன்னொரு சோதனை. ஊர் மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறும். "போய்க் குளித்துவிட்டு வா" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். காரிலும் கூடாரத்திலும் வாழ்பவர்கள் எங்கே போய்க் குளிப்பது? பள்ளிக்கே போகமாட்டோம் என்று அழுதுகொண்டு வந்து நின்ற பிள்ளைகளை அம்மாதான் தேற்றி அனுப்பினார்.

எப்போதும் சோகமாக இருந்தவர் என்று புளோரன்ஸை நினைத்துவிட வேண்டாம். பாட்டு கேட்பது அவருக்குப் பிடிக்கும். வாழ்க்கையை ரசிக்கத் தெரிந்தவர். அந்தப் படத்தில் இருக்கும் அம்மாவைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்றுகூட மகள் சொல்லியிருக்கிறார். உலகம் பார்த்தது, கார் கெட்டு நின்ற ஒரு நாளின் பத்து நிமிடங்களை. பிள்ளைகள் பார்த்தது, அதற்கு முன்னும் பின்னுமாக ஓடிய பல ஆண்டுகளை.

பல காலம் அந்தப் படம் பிள்ளைகளுக்கு அவமானமாகவே இருந்தது. இப்படி ஒரு வாழ்க்கை இனி வேண்டாம் என்ற வைராக்கியத்தையும் அதுதான் கொடுத்தது. எல்லோரும் உழைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மருத்துவமனை நிர்வாகியான ஜார்ஜ் தாம்சனைப் புளோரன்ஸ் மணந்தார். கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊரில் குடும்பம் ஒருவழியாகக் காலூன்றியது.

1970-களில் பிள்ளைகள் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால், அங்கே அவருக்கு மனம் ஒட்டவில்லை. இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடிய 'மொபைல் ஹோம்' ஒன்றுக்கே திரும்பிவிட்டார். பல ஆண்டுகள் சக்கரங்களின் மேலேயே குடும்பம் நடத்தியவருக்கு அதுதான் சொந்த வீடாகத் தோன்றியதோ என்னவோ!

"என் பெயரைக்கூடக் கேட்கவில்லை"

1978-ல், மொடெஸ்டோவில் இருந்த புளோரன்ஸை உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். அப்போதுதான் அந்த முகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவரை மனதுக்குள் இருந்த கோபத்தைப் புளோரன்ஸ் கொட்டித் தீர்த்தார். அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். அதனால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை, தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவே இல்லை என்று வருந்தினார்.

லாங் 1965-லேயே இறந்துவிட்டார். அரசுப் பணியில் எடுத்த படம் என்பதால், அது அரசுக்குத்தான் சொந்தம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் லாங்குக்கும் அந்தப் படத்திலிருந்து ராயல்டி எதுவும் வரவில்லை. ஆனாலும், அவருக்குப் புகழாவது மிஞ்சியது. பூர்வகுடிப் பெண் என்ற அடையாளமும் இல்லாமல், பெயரும் இல்லாமல், வறுமையின் சின்னமாக மட்டுமே பார்க்கப்பட்ட புளோரன்ஸின் கோபத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

2,000 கடிதங்கள்

1983. புளோரன்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. பகலும் இரவும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. மருத்துவச் செலவு பிள்ளைகளின் சக்தியை மீறிப் போனது. வேறு வழியில்லாமல், பத்திரிகை மூலமாகப் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க யார் கையையும் எதிர்பார்க்காமல் உழைத்த அம்மாவுக்காகப் பிள்ளைகள் கையேந்த வேண்டி வந்தது.

பதில் குவிந்தது. 35,000 டாலர் சேர்ந்தது. அதோடு, 2,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள். அந்தப் படம் தங்களுக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள்.

கடிதங்களைப் படித்த பிறகுதான் பிள்ளைகளின் பார்வை மாறியது. அதுவரை அந்தப் படத்தை ஒரு சாபமாகவே நினைத்திருந்தோம், இப்போதுதான் பெருமையாக உணர்கிறோம் என்று மகன் சொன்னார். அவர்கள் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த அந்த முகத்தில், ஊரார் தங்கள் அம்மாக்களைப் பார்த்திருந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று புளோரன்ஸ் காலமானார். 80 வயது. கணவர் இறந்த நாளிலிருந்து எத்தனையோ ஊர்கள், எத்தனையோ கூடாரங்கள். எந்த இடத்திலும் ஒரு பிள்ளையையும் கைவிடாமல் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்திருந்தார்.

கலிபோர்னியாவின் ஹியூசன் ஊரில் இருக்கிறது அவர் கல்லறை. பத்து நிமிடப் படம் ஒன்று பல ஆண்டுகள் மறைத்துவைத்த அவர் பெயர், அங்கே கல்லில் முழுதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே, 'புலம்பெயர் தாய்' என்ற அதே பட்டம். முன்பு பிள்ளைகள் வெட்கப்பட்ட பட்டம். கூடவே, அமெரிக்கத் தாய்மையின் வலிமைக்கு இவர் ஒரு வரலாறு என்ற பொருளில் ஒரு வாசகம்.